கரிச்சானின் வாலும் பாவாயியின் வெண்ணெயும்

அந்தக் காலத்தில், எருமை பேசினால் மனிதருக்குப் புரியும், மனிதர் புலம்பினால் மரத்திலிருக்கும் குருவிக்கும் புரியும் என்றிருந்த காலத்தில், கரிச்சான் குருவிக்கு வால் ஒன்றாகத்தான் இருந்தது. ஓலைக் கீற்று மாதிரி நீளமாக, நடுவில் பிளவே இல்லாமல். உடம்பு அடுப்புக் கரி போல மங்கிய கறுப்பு. அதன் குரல் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அது வாயைத் திறந்ததே இல்லை.

பயம்தான் காரணம். அது ஒரு தாய்க் குருவி. இரண்டு முறை முட்டையிட்டது. இரண்டு முறையும் இரை தேடப் போய்த் திரும்புவதற்குள் காக்கை வந்து குடித்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது முறை ஒரு வாகை மரத்தின் உச்சிக் கவட்டில் கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. இட்ட நாளிலிருந்து கூட்டை விட்டு நகரவில்லை. கிளையில் தானாக ஊர்ந்து வரும் எறும்புதான் சாப்பாடு. இரவெல்லாம் கண்ணை மூடாது. சத்தம் போட்டால் கூடு இருக்கிற இடம் காக்கைக்குத் தெரிந்துவிடும் என்று தொண்டையையும் அடைத்துக்கொண்டே இருந்தது.

அந்த வாகை மரத்தடியில்தான் பாவாயியின் வீடு. அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. கணவன் சடையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தான். மழை விழுந்தால்தான் வருவான். வீட்டில் பாவாயி, அவளுடைய எட்டு மாதப் பெண் குழந்தை, பாலுக்கென்று விட்டுப்போன ஓர் எருமை, எருமையின் கன்று. அவ்வளவுதான்.

குழந்தையின் பெயர் குப்பச்சி. பிரியமில்லாமல் வைத்த பெயர் இல்லை அது. பாவாயியின் முதல் பிள்ளை ஒரு நடுராத்திரியில், அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, சத்தமே இல்லாமல் மூச்சை விட்டுவிட்டது. அப்படி ஒன்று தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளைக்கு யாரும் ஆசைப்படாத ஒரு பெயரை வைப்பார்கள். சாவுகூட முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடட்டும் என்று.

பெயர் வைத்தாயிற்று. ஆனால் பாவாயிக்குப் பெயரின் மேல் நம்பிக்கை வரவில்லை. கோடைக் காலமாதலால் மரத்தடியில் கட்டிலைப் போட்டுக் குழந்தையைக் கிடத்துவாள். பக்கத்தில் உட்கார்ந்து அதன் மார்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்வாள். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன மார்பு ஏறும், இறங்கும். ஏறி இறங்குவதற்கு நடுவில் கொஞ்சம் தாமதமானால் பாவாயிக்குத் தன் மூச்சு நின்றுவிடும். இப்படியே விடிய விடிய. வெளிச்சம் வந்த பிறகுதான், பகலில் ஒன்றும் ஆகாது என்று தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு கண்ணயர்வாள். எழுந்திருக்கும்போது வெயில் முற்றத்தில் பாதியை விழுங்கியிருக்கும்.

தூக்கமில்லாத உடம்பில் பால் எப்படி ஊறும்? வற்றிக்கொண்டே வந்தது. குழந்தையும் இளைத்துக்கொண்டே வந்தது. சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் நாக்கால் தள்ளியது. கூழைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பியது.

"சோற்றில் ஓர் உருண்டை வெண்ணெய் போட்டுப் பிசைந்து ஊட்டு பாவாயி. வழுக்கிக்கொண்டு இறங்கும். தேறிவிடும்" என்றாள் எதிர்வீட்டு அங்கம்மா.

அது நல்ல யோசனைதான். ஆனால் பாவாயியின் பானையில் வெண்ணெய் திரளவே இல்லை.

அவளுக்குக் கடையத் தெரியாமல் இல்லை. முதல் நாள் மாலை பாலைக் காய்ச்சி உறை ஊற்றுவாள். தயிர் கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருக்கும். மத்தை நிறுத்தி, கயிற்றைச் சுற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு கையால் மாற்றி மாற்றி இழுப்பாள். நுரை வரும். இன்னும் இழுப்பாள். இன்னும் நுரைதான் வரும். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி ஆகும். கடைசியில் பானைக்குள் வெள்ளையாக, மொழுமொழுவென்று, தயிரும் இல்லாமல் மோரும் இல்லாமல் ஒன்று நிற்கும்.

அங்கம்மாவுக்கு மட்டும் அதில் குறை இல்லை. தினமும் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"உன் வீட்டு மோர் மாதிரி இந்த ஊரிலேயே கிடையாதடி. எங்கள் வீட்டுக்காரர் குடித்தால் மீசையில் வெண்ணெய் ஒட்டுகிறது."

"அவர் மீசையில் ஒட்டுவது என் பிள்ளை வாயில் ஒட்டினால் தேவலை அக்கா."

அங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. கெட்டவள் இல்லை அவள். செம்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "இரு. மார்கழியில் எனக்கும் இப்படித்தான் திரளவில்லை. ஒரு குவளை வெந்நீரை ஊற்றிக் கடைந்தேன், குபுக்கென்று மேலே வந்துவிட்டது. நீயும் ஊற்றிப் பார்."

மார்கழிக் குளிரில் இறுகிப்போன தயிருக்குச் செய்தது அது. இதுவோ சித்திரை வெயில். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. பாவாயி அடுப்பை மூட்டி, நீரைச் சுடவைத்து, ஒரு குவளைக்கு இரண்டு குவளையாக ஊற்றினாள். கொஞ்சநஞ்சம் இருந்த வெண்ணெயும் கரைந்து, பானையின் ஓரத்தில் எண்ணெய் மாதிரி மிதந்தது.

இதைக் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எருமை அசைபோடுவதை நிறுத்தியது. அதன் நெற்றியில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர்.

"பாரு பொண்ணே" என்றது சுட்டி. "நான் வாயைத் திறக்கிறவள் இல்லை. ஆனால் இதற்கு மேல் பொறுக்க முடியாது. என் கன்றுக்கு உள்ளதில் பாதியை உனக்குத் தருகிறேன். நீ என்னடா என்றால் அதை வேகவைத்துக் கொட்டுகிறாய்."

"கொட்டவில்லையே, அக்காதான் வாங்கிக்கொண்டு போகிறாள்."

"ஆமாம், அவள் புருஷன் மீசைக்குத்தான் நான் பால் சுரக்கிறேன்!" சுட்டி வாலால் ஒரு ஈயை அடித்தது. "என் பாலில் வெண்ணெய் இல்லாமல் இல்லை. அது கூச்சப்படுகிற சாதி. வெயிலைக் கண்டால் கரைந்து ஒளிந்துகொள்ளும். குளுமையில்தான் ஒன்றோடு ஒன்று கைகோத்து வரும். இந்தச் சித்திரையில் குளுமை எப்போது? விடிவதற்கு முன்னால் ஒரு நாழிகை. அப்போது எழுந்து கடை. வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் ஊற்று."

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்போது என்னால் முடியாது."

"ஏன், இருட்டு பிடித்துத் தின்றுவிடுமா?"

"கடைவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை என் பிள்ளை மார்பில் இருக்க வேண்டும்."

 சுட்டி தன் கன்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. பிறகு சொன்னது: "எனக்கும் பிள்ளை இருக்கிறது. இன்னும் மூன்று விடியல் பார்ப்பேன். அதற்குள் நீ வெண்ணெய் எடுத்தால் சரி. இல்லாவிட்டால் மடியை இறுக்கிக்கொள்வேன். என் கன்றே முழுதும் குடித்துக் கொழுக்கட்டும்."

சொன்னால் சொன்னதுதான். எருமை பிடிவாதம் அப்போதும் அப்படித்தான்.

அன்று மாலை குழந்தை அழக்கூட இல்லை. அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைதான் தாயைப் பயமுறுத்தும். பாவாயி கட்டிலில் உட்கார்ந்து, கையை அதன் மார்பில் வைத்தபடி, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "தூங்கினால் பிள்ளை போய்விடும். தூங்காவிட்டாலும் பிள்ளை போய்விடும். நான் என்னதான் செய்வது?"

மேலே வாகைக் கிளையில் ஏதோ அசைந்தது. காற்றைவிட மெல்லிய ஒரு குரல் கேட்டது.

"நான் பார்த்துக்கொள்ளட்டுமா?"

பாவாயி அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"தேடாதே. பார்த்தாயானால் காக்கையும் பார்க்கும். நான் கரிச்சான். மூன்று முட்டையோடு இங்கே இருக்கிறேன். எப்படியும் நான் தூங்கப் போவதில்லை. இங்கிருந்தே உன் பிள்ளை மூச்சு எனக்குக் கேட்கிறது. நேற்று விடியற்காலம் ஒரு தடவை தும்மியது, இல்லையா?"

ஆமாம், தும்மியது. பாவாயிக்கும் குழந்தைக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாத தும்மல் அது.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை. நீ மரத்தடியில் நின்று கடைந்தால் ஆள் நடமாட்டம் இருக்கும், காக்கை வராது. அந்த நேரத்தில் நான் போய் இரண்டு பூச்சி தின்றுவிட்டு வருவேன். நான் வயிறாரத் தின்று பதினோரு நாள் ஆகிறது."

இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

முதல் இரவு பாவாயி படுத்தாள், ஆனால் தூங்கவில்லை. "மூச்சு வருகிறதா?" என்று கேட்பாள். "வருகிறது" என்று மேலிருந்து பதில் வரும். கொஞ்சம் கழித்து, "இப்போது?" "இப்போதும் வருகிறது." பிள்ளையின் மார்பிலிருந்து கையை எடுக்க மனசு வராமலே விடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கண் சிவந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது இரவு உடம்பு தாங்காமல் பாவாயி தூங்கிவிட்டாள். மாதக்கணக்கில் சேர்ந்த தூக்கம். குளுமையான நேரம் வந்தபோது கரிச்சான் கூப்பிட்டது. "பாவாயி... பாவாயி..." காக்கைக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று அவ்வளவு மெல்லக் கூப்பிட்டது. இலை உதிர்கிற சத்தம் அதைவிடப் பெரியது. பாவாயி புரண்டு படுத்தாள். எழுந்தபோது வெயில் கட்டில் காலில் ஏறியிருந்தது.

"என்னை ஏன் எழுப்பவில்லை?"

"எழுப்பினேன். என்னால் இவ்வளவுதான் முடியும்."

பாவாயிக்குக் கோபம் வந்தது. ஆனால் குழந்தையின் நெஞ்சில் கைவைத்தபோது அது வெதுவெதுவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஓர் இரவு முழுக்க அவள் கை இல்லாமலே ஏறி இறங்கியிருக்கிறது. அதை நினைத்ததும் கோபம் இறங்கிவிட்டது. "போகட்டும்" என்றாள். "இன்னும் ஒரு நாள் இருக்கிறது."

மூன்றாவது இரவு. நிலா மறைந்தது. காற்று திரும்பிக் குளுமையாக வீசியது. மரத்தடியில் தயிர்ப் பானை தயாராக இருந்தது. குடத்தில் பச்சைத் தண்ணீர். பாவாயி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கரிச்சான் மெல்லக் கூப்பிட்டது. அவள் எழவில்லை. இன்னொரு முறை. எழவில்லை. கீழ்வானம் சாம்பல் நிறமாகத் தொடங்கியது. இந்த நாழிகை போனால் சுட்டியின் மடி இறுகும். பிறகு பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. கரிச்சானின் காதுக்குக் குழந்தையின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு, அது தன் கூட்டிலேயே கிடக்கிற நாலாவது முட்டை மாதிரி ஆகிவிட்டிருந்தது. முன்பு இருந்ததைவிட இன்று அந்த மூச்சு மெலிந்திருந்தது.

சத்தம் போட்டால் காக்கைக்குக் கூடு தெரியும். போடாவிட்டால் கீழே இருக்கிற பிள்ளை தேறாது.

கரிச்சான் தன் மூன்று முட்டைகளையும் ஒருமுறை வயிற்றால் தடவிக்கொண்டது. பிறகு வாயைத் திறந்தது.

"கிரீச்! கிரீச்! எழுந்திரு பாவாயி! கிரீச்!"

அப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது அதற்கே தெரியாது. ஊர் நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. சுட்டி கொட்டகையில் காதை விறைத்தது. பாவாயி துள்ளி எழுந்து, முதலில் குழந்தையின் மார்பைத் தொட்டாள். மூச்சு இருந்தது. அடுத்து வானத்தைப் பார்த்தாள். நேரமும் இருந்தது.

பனைமரத்தில் தூங்கிக்கொண்டிருந்த காக்கையும் ஒரு கண்ணைத் திறந்தது. "ஓகோ, அங்கேயா குடித்தனம்?" என்றது. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

பாவாயி பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். மத்தை வாகை மரத்தோடு சேர்த்துக் கட்டி, கயிற்றைப் பிடித்தாள். இரண்டு கையாலும். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தில் அவளுடைய இரண்டு கைகளும் அவளுக்குக் கிடைத்தன. இழுத்தாள், விட்டாள். சளக், சளக். நுரை வந்தது, அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மத்தின் சத்தம் மாறியது. நீர்த்த சத்தம் போய், அடியில் ஏதோ புரள்கிற மாதிரி கனத்த சத்தம். குனிந்து பார்த்தாள். கடுகளவு கடுகளவாக வெண்ணெய் மிதந்தது. இன்னும் பத்து இழுப்பில் அவை ஒன்றை ஒன்று தேடிப் பிடித்து, மொச்சை அளவாயின. எருமை வெண்ணெய், மல்லிகை மொட்டு போல வெளுப்பு.

"வந்துவிட்டது!" என்று கத்தினாள்.

"பின்னே? என் பாலாக்கும்" என்றது சுட்டி.

பாவாயி ஒரு விரலில் வழித்து, விழித்துக்கொண்டிருந்த குழந்தையின் உதட்டில் தடவினாள். இன்னொரு துளியை அதன் உள்ளங்கையில் வைத்தாள். குழந்தை நாக்கை நீட்டியது. முகத்தைச் சுளித்தது. மறுபடியும் நாக்கை நீட்டியது. பிறகு, எத்தனையோ நாளாக மூடியே கிடந்த அந்த வாய் குஞ்சின் வாய் மாதிரி அகலமாகத் திறந்தது.

"இரு சாமி, மிச்சத்தையும் திரட்டிவிட்டு வருகிறேன்." குழந்தையைக் கீழே பாயில் உட்காரவைத்துவிட்டுப் பாவாயி மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள்.

வெளிச்சம் வந்திருந்தது. காக்கை இறங்கியது. முட்டைக்குத்தான் வந்தது; பிள்ளையின் கையில் இருந்த வெண்ணெயைக் கண்டதும் மனசு மாறியது. "முதலில் இது, பிறகு அது" என்று சொல்லிக்கொண்டு, பக்கவாட்டில் தத்தித் தத்திக் குழந்தையை நெருங்கியது. பிள்ளையின் உதட்டிலும் வெண்ணெய், கன்னத்திலும் வெண்ணெய், கண்ணுக்குக் கீழேயும் ஈஷிக்கொண்ட வெண்ணெய். காக்கை மூக்கை ஓங்கியது. கயிற்றோடு நின்ற பாவாயிக்கு அது நாலு எட்டு தூரம்; எட்டாத தூரம்.

கரிச்சான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது. உச்சிக் கவட்டிலிருந்து எறிந்த கல்லைப் போலச் செங்குத்தாக விழுந்தது. வந்த வேகத்தில் கடைகயிற்றுக்கு நடுவே புகுந்தது. அதன் நீள வால் கயிற்றுக்கும் மத்துக்கும் இடையில் சிக்கியது. பாவாயி அலறிக்கொண்டே இரண்டு கையையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டாள். வால் நடுவே கிழிந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறுபாதி அந்தப் பக்கமும் வளைந்தது. கரிச்சான் நிற்கவில்லை. கிழிந்த வாலோடு போய்க் காக்கையின் பிடரியில் ஒரு கொத்து கொத்தியது.

"ஐயோ! யார் அது? யார் அது?" என்று காக்கை எகிறியது. தன்னில் கால்வாசிகூட இல்லாத ஒரு கறுப்புக் குருவியைப் பார்த்து அதற்கு நம்ப முடியவில்லை. நம்புவதற்குள் தலையில் இன்னொரு கொத்து விழுந்தது. பனைமரத்தைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டிப் போகும் வரை, கரிச்சான் அதன் முதுகை விடவில்லை.

திரும்பி வந்தபோது அதற்கு மூச்சு வாங்கியது. "அது ஓடுகிறது பாவாயி!" என்றது, திகைப்போடு. "இத்தனை நாள் நான் எதைப் பார்த்துப் பயந்தேனோ, அது என்னைப் பார்த்து ஓடுகிறது!"

பாவாயி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். பானையில் திரண்ட வெண்ணெயில் ஒரு கை எடுத்து, கரிச்சானின் கிழிந்த வாலிலும் முதுகிலும் இறகிலும் தடவிவிட்டாள். மங்கிய கரியாக இருந்த உடம்பு பளபளவென்று மின்னியது. வால் மட்டும் ஒட்டவில்லை.

"வலிக்கிறதா?"

"இருக்கட்டும். இரண்டாக இருந்தால் சட்டென்று திரும்ப வசதியாக இருக்கிறது."

சுட்டி கொட்டகையிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டது. "அடி குருவி, வந்து என் முதுகில் உட்கார். நான் நடந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும், பிடித்துத் தின்னு. அங்கிருந்து பார்த்தால் உன் கூடும் தெரியும்." அது சுட்டி மன்னிப்புக் கேட்கிற விதம். மடியை அன்றைக்குத் தாராளமாகவே விட்டது.

நாலாம் நாள் அங்கம்மா செம்போடு வந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது, மோரில் ஒன்றுமே இல்லையே?"

"எல்லாம் என் பிள்ளை கன்னத்துக்குப் போய்விட்டது அக்கா" என்றாள் பாவாயி.

மழை விழுந்து சடையன் திரும்பியபோது, வாசலில் தவழ்ந்து வந்த கொழுகொழுப் பிள்ளையைப் பார்த்து, "யார் வீட்டுக் குழந்தை இது?" என்று கேட்டானாம். அதற்குள் வாகை மரத்தில் மூன்று கரிச்சான் குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழ்க் கிளைகளில் புறாவும் கொண்டைக்குருவியும் கூடு கட்டிக் குடிவந்திருந்தன. கரிச்சான் இருக்கிற மரத்துக்குக் காக்கை வராது என்ற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது.

அந்த விடியலிலிருந்துதான் கரிச்சானின் வால் இரண்டாகப் பிரிந்து வெளியே வளைந்திருக்கிறது, பாவாயி தடவிய மினுமினுப்பும் அதன் மேலிருந்து போகவில்லை. அந்த விடியலிலிருந்துதான் எருமையின் முதுகில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. காக்கை கரைவதற்கு முன்னால், இருட்டு இருக்கும்போதே, அது பயமில்லாமல் குரல் கொடுக்கிறது. ராத்திரியெல்லாம் விழித்திருந்த தாய்மார்கள் அந்தக் குரலைக் கேட்டதும், பிள்ளையின் மார்பிலிருந்து கையை எடுத்துக் கடைகயிற்றைப் பிடிக்கிறார்கள்.